பிடி அரிசியும் பஞ்ச காலமும்

வேதபாடம்: ஆதியாகமம் 41:25-57, அப்போஸ்தலர் 11:27-30



மிசோரம் மாநிலத்தின் மலைகளில் 'மௌடாக்' என்னும் மூங்கில் அடர்ந்து வளர்கிறது. ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது காடு முழுவதும் பூத்து, காய்த்து, மடிந்துபோகும். உதிரும் காய்களைத் தின்று எலிகள் கணக்கின்றிப் பெருகும். காய்கள் தீர்ந்தவுடன் அவை மலைச்சரிவிலுள்ள நெற்பயிரில் இறங்கும். அறுவடைக்கு நின்ற கதிர் ஒரே இரவில் இல்லாமற்போவதும் உண்டு. மிசோ மக்கள் இதற்கு 'மௌதாம்', அதாவது மூங்கிலின் சாவு, என்று பெயரிட்டிருக்கிறார்கள். 1911-லும் 1959-லும் 2007-லும் இது வந்தது.

வருமென்று முன்னரே தெரிந்த பஞ்சம் இது. யோசேப்பு பார்வோனுக்கு அறிவித்த பஞ்சமும் அப்படிப்பட்டதே. ஆயினும் தெரிந்திருப்பது வேறு, ஆயத்தமாயிருப்பது வேறு. 1958-ல் மூங்கில் பூக்கத் தொடங்கியபோது மூத்தோர் எச்சரித்தார்கள். அன்று அஸ்ஸாமின் ஒரு மாவட்டமாயிருந்த அந்நிலத்தின் மாவட்டக் கவுன்சில், அரசிடம் முன்கூட்டியே உதவி கேட்டது. அது பொருட்படுத்தப்படவில்லை. மக்கள் காட்டுக் கிழங்குகளைத் தோண்டித் தின்று உயிர்தப்ப வேண்டியதாயிற்று. அடுத்த சுற்று வருமுன்போ, எலிகள் அதிகம் நாடாத இஞ்சியையும் மஞ்சளையும் பயிரிடும்படி விவசாயிகள் ஊக்குவிக்கப்பட்டார்கள். எலிவாலுக்கு இவ்வளவு என்று பணமும் கொடுக்கப்பட்டது. அப்போதும் துன்பம் இல்லாமலில்லை.

நம்மில் சிலர், "கர்த்தர் பார்த்துக்கொள்வார், சேர்த்துவைப்பது அவிசுவாசம்" என்கிறார்கள். வனாந்தரத்து மன்னாவை அவர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. மறுநாளைக்கு வைத்த மன்னா புழுத்தது உண்மைதான். ஆனால் ஆறாம் நாளில் இரட்டிப்பாய்ச் சேர்க்கும்படி கட்டளையிட்டவரும் அதே கர்த்தரே (யாத். 16:22-24). எறும்பைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி சோம்பேறிக்குச் சொல்லுகிறதும் வேதந்தான் (நீதி. 6:6-8). தன் வீட்டாரை விசாரியாதவனைப்பற்றிப் பவுல் எழுதியிருக்கிற கடுமையான வார்த்தைகளை (1 தீமோ. 5:8) வாசித்தபின், வெறுங்கையை விசுவாசம் என்று அழைக்க எனக்குத் துணிவில்லை.

வேறு சிலருக்கோ கடைசிக்காலம் என்ற சொல்லைக் கேட்டாலே பயம். மூட்டை மூட்டையாய் வாங்கி அடுக்கிக் கதவைத் தாழிட்டுக்கொள்ளுகிறார்கள். 2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது கடைகளில் முண்டியடித்த கூட்டத்தில் விசுவாசிகளும் நின்றார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. இயேசு சொன்ன உவமையின் ஐசுவரியவான் களஞ்சியம் கட்டினதனால் மட்டும் மதிகேடன் என்னப்படவில்லை. அவன் பேச்சை மறுபடி வாசித்துப் பாருங்கள் (லூக். 12:16-21). என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா! அயலான் ஒருவனும் அங்கே இல்லை, தேவனும் இல்லை.

யோசேப்பின் களஞ்சியத்தையும் நாம் உண்மையோடு வாசிக்கவேண்டும். நல்ல ஆண்டுகளில் ஐந்திலொரு பங்கை எடுத்துவைத்தான். ஒவ்வொரு பட்டணத்தையும் சூழ்ந்த வயல்களின் விளைச்சலை அந்தந்தப் பட்டணத்திலேயே சேர்த்தான் (ஆதி. 41:48). பசித்தவனுக்குத் தானியம் அருகில் இருக்கவேண்டும் என்பது சிறந்த ஞானம். ஆனால் 47-ஆம் அதிகாரத்துக்கு வந்தால், அதே தானியத்துக்காக ஜனங்கள் பணத்தையும், மிருகங்களையும், நிலத்தையும், முடிவில் தங்களையுமே பார்வோனுக்கு விற்றுவிடுகிறார்கள். உயிரைக் காத்த களஞ்சியமே அடிமைத்தனத்துக்கும் வாசலாயிற்று. பிரசங்கங்களில் நாம் இதை அநேகமாய்த் தாண்டிப்போய்விடுகிறோம்.

அந்தியோகியாவின் சபை வேறு வழியைக் காட்டுகிறது. பஞ்சம் வரப்போகிறதென்று அகபு அறிவித்தவுடன் அச்சீஷர்கள் தங்கள் தங்கள் திராணிக்குத் தக்கதாக யூதேயாவிலிருந்த சகோதரருக்கு உதவி அனுப்பத் தீர்மானித்தார்கள். தங்களுக்கும் அதே பஞ்சம் வருமே என்று அவர்கள் கையை மூடிக்கொள்ளவில்லை.

மறுபடியும் மிசோரமுக்கு வருவோம். அங்கே 1910-ல் ஒரு பழக்கம் தொடங்கிற்று. 'புஃபாய் தம்', அதாவது ஒரு பிடி அரிசி. சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் வீட்டுத்தாய் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பாள். அதைச் சபைப் பெண்கள் வீடுவீடாய்ச் சேகரித்து, விற்று, ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். (நம் சபைகள் பலவற்றிலும் பிடி அரிசிக் காணிக்கை உண்டு, சில இடங்களில் அது பெயரளவில் நிற்கிறது.) இது பஞ்சத்துக்கென்று தொடங்கினதல்ல. ஆனால் தொடங்கிய மறு ஆண்டே மௌதாம் வந்தது. அதற்குப்பின் இன்னும் இரண்டு மௌதாம்களைக் கடந்து அப்பழக்கம் இன்றும் நிலைத்திருக்கிறது. மீந்தபின் கொடுப்பவளுக்குப் பஞ்சகாலத்தில் கொடுக்க ஒன்றும் இராது. உலையில் இடுமுன் எடுத்துவைப்பவளோ குறைவிலும் வாழக் கைபழகியவள்.

அப்படியானால் நம் வீட்டில் செய்யவேண்டியது என்ன? முதலாவது கடன். வட்டிக்கு வாங்கிக் கலியாணமும் கிரகப்பிரவேசமும் நடத்திய குடும்பம், ஒரு மாத வேலையிழப்பைக்கூடத் தாங்காது. அடுத்து, ஒரு மாதத்துக்கான அரிசியும் பருப்பும் சிறிது சிறிதாய்ச் சேரட்டும். பழையதை முன்னே எடுத்துப் புதியதைப் பின்னே வையுங்கள். கேழ்வரகு நெடுநாள் கெடாமலிருக்கும். கொல்லையில் ஒரு முருங்கையும் இரண்டு பாத்திக் கீரையும் இருந்தால் குழம்புக்கு வழியுண்டு. பிள்ளைகள் பட்டத்தோடு ஒரு கைத்தொழிலும் கற்கட்டும்.

இவற்றோடு, அரிசிப் பானைக்கு அருகில் இன்னொரு சிறு பானை வைக்கவேண்டும். அதில் விழும் பிடி நம்முடையதல்ல. அது யாருக்கென்பதைப் பஞ்சம் வருமுன்னே அறிந்திருப்பது நல்லது. இம்மாதக் குடும்ப ஜெபத்துக்குப்பின் மூன்று கேள்விகளைச் சேர்ந்து பேசுங்கள்: நம் வீட்டு அரிசி எத்தனை நாளுக்கு வரும்? நமக்குள்ள கடன் எவ்வளவு? நம் தெருவில் வேலை நின்றால் முதலில் அடுப்பு அணையும் வீடு எது?