குழந்தையின் கண்: பள்ளியில் சேர்க்கும் முன்பே காட்டுங்கள்

திருத்தணி முருகன் கோயிலின் 365 படிகளையும் ஓடி ஏறுகிற பிள்ளைக்கும் ஒரு கண்ணில் பார்வை மங்கலாக இருக்கலாம். மறு கண் ஈடுகட்டிவிடுவதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. இதைத்தான் ‘சோம்பேறிக் கண்’ என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டு, மருத்துவர் சொல்கிறபடி நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். அதற்குப் பிறகு கடினம்.

குழந்தை பொம்மையை ஆசையாகப் பார்க்கும்போது உள்ளங்கையால் ஒரு கண்ணை மறையுங்கள், பிறகு மற்றதை. ஒரு கண்ணை மறைத்தால் மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுகிறதா? மறைக்காத கண்ணில் குறை இருக்கலாம்.

மூன்று வயதில் ஒரு முழுப் பரிசோதனை அவசியம். எழுத்து தெரியாவிட்டாலும் படம் காட்டிப் பார்ப்பார்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே ஓடுங்கள், புற்றுநோயாகவும் இருக்கலாம். குறைமாதக் குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும்.

முதலில் உள்ளூர் அரசு மருத்துவமனை. மேல்சிகிச்சைக்கு, 1819-இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது; திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வரை போய்விடலாம். பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.