மாதிரி இல்லாத மணிமாலை

கண்ணாடி மணி கோப்பது எங்கள் ஆறாம் வகுப்புக் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த கைவினை. திருப்பனந்தாளை ஒட்டிய கிராமத்துப் பள்ளி எங்களுடையது. கும்பகோணம் கடைத்தெருவில் மணிகளும் நைலான் நூலும் வாங்கி வருவேன். நானே ஒரு மாலை கோத்து மேசைமேல் வைத்து, "இதேபோல் செய்யுங்கள்" என்பேன்.

சென்ற ஆண்டு குறுவை நடவு சமயம். நான் வைத்த மாதிரியில் இருந்தவை சிவப்பும் மஞ்சளும். ஒரு மாணவி மட்டும் நான்கு பச்சை, ஒரு வெள்ளை என்று கோத்திருந்தாள். "கவனம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு அவிழ்க்கச் சொன்னேன். பேசாமல் அவிழ்த்தாள். சில நாள் கழித்து வயலோரமாக நடந்தபோது அவளே சொன்னாள்: "எங்கம்மா குத்துக்கு நாலு நாத்து வைப்பாங்க டீச்சர். வெள்ளை, நடுவுல தெரியற தண்ணி."

அந்த வகுப்பில் சொந்தமாகப் பார்த்துச் செய்த மாலை அது ஒன்றுதான். அதைத்தான் அவிழ்க்க வைத்திருந்தேன்.

இந்த ஆண்டு மாதிரியை எடுத்துவிட்டேன். வேலையை மூன்று பாடவேளைகளாகப் பிரித்தேன்.

முதல் பாடவேளை, பார்த்தல். ஏடும் வண்ணப் பென்சிலும் எடுத்துக்கொண்டு வெளியே போனோம். ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அதில் என்னென்ன நிறம், எது அதிகம், எது குறைவு என்று குறிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே பனை உண்டு. கோயிலின் தலமரமும் பனைதான். ஒருவன் கீழே விழுந்த பனம்பழத்தைக் குறித்தான்: பெரும்பகுதி கறுப்பு, கொஞ்சம் ஆரஞ்சு. இன்னொருத்தி கோயில் மதிலின் காவி, வெள்ளைப் பட்டைகளை எண்ணினாள்.

இரண்டாம் பாடவேளை, வரலாறும் அறிவியலும். புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, ஆறியதும் சிறு துண்டுகளாக நறுக்குவார்கள். பிறகு சாம்பலோடு சேர்த்து மீண்டும் சூடாக்கினால் கூரிய ஓரங்கள் மழுங்கும். இவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுவதும் கிடைக்கின்றன. "நிறம் எப்படி டீச்சர் வரும்?" என்று கேட்டார்கள். கோபால்ட் சேர்ந்தால் நீலம். செம்பு சேர்ந்தால், உலையில் காற்று இருக்கும் அளவைப் பொறுத்துச் சிவப்போ பச்சை கலந்த நீலமோ வரும். அவர்களிடம் இருந்ததும் சில நிறங்கள்தான் என்பது குழந்தைகளுக்குத் தெம்பு தந்தது.

மூன்றாம் பாடவேளை, கணக்கும் கோத்தலும். ஆளுக்கு 60 மணி. 4 பச்சை, 1 வெள்ளை என்றால் எத்தனை முறை திரும்ப வரும்? 12 என்று உடனே சொன்னார்கள். இரண்டு சரம் கோத்தவர்களுக்குக் கேள்வி கொஞ்சம் கடினம். ஒரு சரத்தில் 4 மணிக்கு ஒருமுறையும் மற்றதில் 6 மணிக்கு ஒருமுறையும் கோலம் திரும்பினால், இரண்டும் எங்கே சேர்ந்து தொடங்கும்? ஒவ்வொரு 12 மணிக்கும். மீச்சிறு பொது மடங்கை மணியைத் தொட்டே கண்டுகொண்டார்கள்.

செய்யப்போகும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். மணிகள் உருண்டோடாமல் இருக்கத் துணி விரித்து, முதலில் அதில் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முடிச்சுப் போட ஒரு சாண் நூல் கூடுதலாக விடுங்கள். உடைந்த மணிகளை முன்பே பொறுக்கி எடுத்துவிடுங்கள். மதிப்பிடும்போது, "இதை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டு, இரண்டு வரி எழுத வையுங்கள். அந்தப் பதிலை வாங்குவதற்கு முன் எந்த மாலையையும் திருத்தாதீர்கள்.

ஏழாம் வகுப்புக்குப் போய்விட்ட அந்த மாணவியை அழைத்து, "அன்றைக்கு உன்னிடம் கேட்காமலே அவிழ்க்கச் சொன்னது என் தப்பு. அந்த மாலையைத் திரும்பக் கோத்துத் தருவாயா?" என்று கேட்டேன். மணிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இப்ப குறுவை அறுப்பு டீச்சர். மஞ்சள் நிறைய வேணும்" என்றாள்.