மூக்கு வழியாக ஏறும் சர்க்கரை

“புகை கெடுப்பது நுரையீரலைத்தானே? இருமல் இல்லாதவருக்கு என்ன கவலை?”

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கி, சளியோடு வெளியே வந்துவிடும். வம்பெல்லாம் பிஎம் 2.5 என்கிற நுண்துகளால்தான். தலைமுடித் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாத அது, ஓர் இருமல்கூட வரவழைக்காமல் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கிவிடும். அங்கே காவல் இருக்கும் அணுக்கள் துகளை விழுங்கப் பார்க்கும். அந்த மல்லுக்கட்டில் ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருட்கள் ரத்தத்தில் கலக்கும். கல்லீரலிலும் வயிற்றுக் கொழுப்பிலும் அழற்சி மூண்டால் அங்கே இன்சுலின் பேச்சு எடுபடாது. 2009-இல் ஒஹையோ ஆய்வாளர்கள் ஒரே கொழுப்புத் தீனி தின்ற எலிகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு வடிகட்டிய காற்றும் மற்றொன்றுக்கு நுண்துகள் காற்றும் கொடுத்தார்கள். இரண்டாவது கூட்டத்தில்தான் இன்சுலின் எதிர்ப்பு கூடியது. தீனியில் வித்தியாசமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நுண்துகளின் தாக்கம் மூளையை எட்டவும் இரண்டு வழி உண்டு. ஒன்று, ரத்தத்தில் வரும் அழற்சிச் செய்தி மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியாவை உசுப்பிவிடுவது. இன்னொன்று குறுக்குவழி: மிக நுண்ணிய துகள்கள் மோப்ப நரம்பைப் பிடித்து நேரே ஏறிவிடுவது. மெக்சிகோ நகரத்துத் தெருநாய்களின் மூளையிலும், பிறகு அந்நகர இளைஞர்களின் மூளையிலும் அழற்சித் தடயங்களைக் காட்டியவர் ஆய்வாளர் லிலியன் கால்டெரோன்-கார்சிதுவேன்யாஸ். 2016-இல் ஆய்வாளர் பார்பரா மாஹரின் குழு, மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் இறந்த 37 பேரின் மூளையை ஆராய்ந்தது. உருண்டையான மேக்னடைட் இரும்புத் துகள்கள் கிடைத்தன. அந்த வடிவம் எரிபொருள் சூட்டில் பிறந்ததற்கான அடையாளம் என்றது குழு. துகள் இருந்தது என்பதாலேயே அதுதான் மறதி நோயைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. வாட்ஸ்அப் பகிர்வுகள் அந்தத் தாவலைச் சுலபமாகத் தாவிவிடுகின்றன. ஆனால் மறதி நோய் குறித்து லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2020-இல் காற்று மாசையும் தவிர்க்கக்கூடிய காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. அதை அலட்சியம் செய்வதற்கில்லை.

“அதெல்லாம் டெல்லிக்காரர்கள் பாடு. நமக்குக் கடற்காற்று இருக்கிறது.”

டெல்லியிலும் சென்னையிலும் 12,000-க்கும் மேற்பட்டவர்களை 2010 முதல் 2017 வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஆண்டுச் சராசரி பிஎம் 2.5 ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது நீரிழிவு வரும் அபாயம் 22 சதவீதம் கூடியது. கடற்காற்றுக்காரர்களும் சேர்ந்த கணக்குதான் இது. உணவும் உடற்பயிற்சியும் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. சர்க்கரை வந்தவரிடம் “வாயைக் கட்டவில்லை” என்று மட்டும் பழி போடுவது நியாயமில்லை.

“காற்றுத் தர ஆப்பில் பச்சை காட்டுகிறதே!”

எந்த அளவுகோலின் பச்சை? இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் பிஎம் 2.5-இன் 24 மணி நேரச் சராசரி 30 மைக்ரோகிராம் வரை ‘நன்று’. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு 15. ஆண்டுச் சராசரிக்கு அவர்கள் சொல்வது 5, நம் சட்டம் அனுமதிப்பது 40.

“வெளியே போகாமல் வீட்டுக்குள் இருந்தால் தப்பிக்கலாம்.”

சன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவத்தி கொளுத்தாதவரை. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு நுண்துகளைக் கக்குகிறது என்று 2003-இல் அளந்திருக்கிறார்கள். சாம்பிராணியும் புகைதான், சாமிக்குப் போட்டாலும். கொசுவலைக்கு இந்தத் தொல்லை கிடையாது.

“தினம் ஒரு துண்டு வெல்லம் தின்றால் தூசியெல்லாம் இறங்கிவிடும்.”

இதற்கு ஒரு மூலம் உண்டு. லக்னோவின் தொழில் நச்சியல் ஆய்வு மையத்தார் தூசி ஏறிய எலிகளுக்கு வெல்லம் கொடுத்துப் பார்த்து 1994-இல் எழுதினார்கள். நுரையீரலிலிருந்து துகள் நகர்வது கூடியதாம். மனிதருக்கு அது நிரூபணமாகவில்லை. நிரூபணமான விஷயம் வேறு: வெல்லத்தில் பெரும்பகுதி சர்க்கரை. நுண்துகளால் ஏற்கெனவே இன்சுலின் தடுமாறும் உடம்புக்கு அதை மருந்தென்று கொடுக்கிறோம்.