நீள் ஆயுளும் திறந்த கணக்கேடும்

உடலுழைப்பும் தேகப்பயிற்சியும் உடையார் நெடிது வாழ்வர் என்று பெரியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆயினும், கேட்டிருத்தல் வேறு, அறிந்திருத்தல் வேறு. கேள்வி அறிவாக மாறுவது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1953-ஆம் ஆண்டில் ஜெரி மாரிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும், லண்டன் மாநகரப் பஸ் தொழிலாளரைப் பற்றிய ஆராய்ச்சி யொன்றை 'லான்செட்' என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டனர். ஈரடுக்குப் பஸ்ஸில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பர். கண்டக்டரோ மாடிப்படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாயிருப்பர். இவ்விரு திறத்தாருள் இருதய நோய் கண்டக்டரிடத்துக் குறைவாகவும், ஓட்டுநரிடத்து மிகுதியாகவும் காணப்பட்டது. நடந்து கடிதம் வழங்கும் தபால்காரருக்கும், அமர்ந்து வேலை செய்யும் குமாஸ்தாக்களுக்கும் இடையே இவ்வேறுபாடே தோன்றியது.

உழைப்பே இருதயத்தைக் காத்தது என்று அப்போதே முடிவு கட்டிவிடலாமன்றோ? மாரிஸ் அவ்வாறு விரையவில்லை. தொழிலாளர்க்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுக் கணக்கை அவர் ஆராய்ந்தார். 1956-இல் வெளியான அவ்வாராய்ச்சியின்படி, ஓட்டுநரின் இடுப்பளவு கண்டக்டரின் இடுப்பளவினும் பெரிது; இளவயதினரிடத்தும் அஃது அவ்வாறே. அமர்ந்திருந்தமையால் உடல் பருத்ததோ, அன்றிப் பருத்த உடலினரே அமரும் வேலையை நாடினரோ என்னும் புதிய ஐயம் இதனால் எழுந்தது. உடை தைப்பதற்கென வைத்திருந்த கணக்கு, உயிர் காக்கும் ஆராய்ச்சிக்கு ஒரு நல்ல வினாவைத் தந்தது! அக்கணக்கு பூட்டிய பெட்டியிற் கிடந்திருப்பின், அவ்வினாவும் அதனுடன் கிடந்திருக்கும்.

இனி, நம்போன்ற கல்லூரியார்க்கு நெருங்கிய சான்றொன்று காண்போம். அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் 1916 முதல் 1950 வரை சேர்ந்த பழைய மாணவர் 16,936 பேரைப் பற்றிப் பாஃபன்பார்கர் என்னும் அறிஞரும் துணைவரும் 1986-இல் எழுதினர். நடத்தல், படியேறல், விளையாடல் ஆகியவற்றில் வாரந்தோறும் 2,000 கலோரியேனும் செலவிட்டோரிடத்து மரண விகிதம், அங்ஙனம் செய்யாதாரினும் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருந்தது. கல்லூரியிலிருந்து வந்த வினாத்தாளைக் குப்பையில் எறியாது, நிரப்பி அனுப்பிய பழைய மாணவரின் கொடையே அவ்வாராய்ச்சி.

ஆயினும், தான் நடந்த தூரத்தைத் தானே சொல்லுமிடத்து மனிதன் சற்றே மிகுத்துக் கூறுதல் இயல்பு. ஆதலின் பிற்காலத்தார் அசைவை அளக்குங் கருவிகளை உடலிற் பூட்டி அளந்தனர். தனித்தனியே நோக்கின் அத்தகைய ஆராய்ச்சிகள் பல சிறியன. 2019-இல் எட்டு ஆராய்ச்சிகளின் கணக்குகளை ஒரே முறையில் மீண்டும் கணித்து ஒருங்கு சேர்த்தபோது 36,383 பேரைப் பற்றிய செய்தி திரண்டது. மெல்லிய நடமாட்டமும் மிகுதியாயின், மரணம் குறைந்து காணப்படுவது அப்போது தெளிவாயிற்று.

மற்றொரு பயனும் உண்டு. மிகுதியாக ஓடுவோர், ஓடாது அமர்ந்திருப்போரினும் நெடிது வாழ்வாரல்லர் என்றொரு செய்தி 2015-இல் கோபன்ஹேகன் நகர ஆராய்ச்சியினின்று எழுந்து பத்திரிகைகளிற் பரவிற்று. மூலக் கட்டுரையைப் புரட்டியவர் கண்டதென்ன? கடுமையாக ஓடுவோர் கூட்டம் மிகச் சிறிது. அதனுள் நிகழ்ந்த மரணம் இரண்டே. இரண்டு மரணத்தின்மேல் எத்துணைப் பெரிய முடிவைக் கட்டலாகும்? அவ்வெண் வெளிப்படையாக இருந்தமையாலன்றோ படித்தோர் அதனை எடைபோட முடிந்தது! பொன்னுக்கு உரைகல் எவ்வாறோ, ஆராய்ச்சி முடிவுக்கு மூலக்கணக்கு அவ்வாறே.

எனில், எல்லாவற்றையும் எல்லார்க்கும் திறந்துவிடலாமோ எனின், ஆகாது. கணக்கேட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதனுடைய உடலின் மறை. அமெரிக்க அரசாங்கத்தாரின் தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில், 80-க்கு மேற்பட்டோர் அனைவர்க்கும் 80 என்றே வயது குறித்து வெளியிடுகின்றனர். மிக முதியோர் சிலரே ஆதலின், வயதைக் கொண்டே ஒருவரை இன்னார் என்று கண்டுகொள்ளக்கூடும். நீள் ஆயுளை ஆராய்வார்க்கு வேண்டுவதோ அம்முதியோரின் சரியான வயதே! இம்முரண் எளிதில் தீர்வதன்று. ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரைச் சேர்த்த பிரிட்டனின் பயோபேங்க் நிலையம், பெயர்களை நீக்கி, விண்ணப்பித்து ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சியாளர்க்கு மட்டும் 2012 முதல் கணக்குகளை வழங்கி வருகிறது. முழுதும் பூட்டுதலுக்கும் முழுதும் திறத்தலுக்கும் இடைப்பட்ட இவ்வழியே இப்போதைக்கு நல்வழி எனத் தோன்றுகிறது.

மாணவ நண்பர்காள்! ஆய்வுக்கூடத்தில் நாம் எழுதும் சிறு குறிப்பேட்டையும், பிறனொருவன் எடுத்துச் சரிபார்க்கக்கூடிய முறையில் எழுதுவோமாக. பழைய மாணவராகிய பெரியீர்! தக்க ஆராய்ச்சியாளர் வினாத்தாள் அனுப்பின், மெய்யே எழுதி விடுப்பீராக. நம்முள் ஒருவர் நடந்த நடை, நாம் காணாத ஒருவரின் ஆயுளை நீட்டக்கூடுமன்றோ?