ரேடியோவைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப்போட்டபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னலும் போய்விட்டது. அப்படிப்பட்ட நேரத்துக்காகவாவது பேட்டரியில் ஓடும் மல்டிபேண்ட் ரேடியோ ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

மீடியம் வேவ் இரைகிறதா? ஏரியலை இழுத்து நீட்டிப் பயனில்லை. அது எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். மீடியம் வேவ் ஏரியல் பெட்டிக்குள்ளேயே, செம்புக்கம்பி சுற்றிய ஃபெரைட் குச்சியாகப் படுத்திருக்கிறது. குச்சியின் நுனி நிலையத்தைப் பார்த்தால் ஒலி மங்கும். பக்கவாட்டுப் பகுதி பார்த்தால் தெளியும். திருச்சி வானொலி (936 கிலோஹெர்ட்ஸ்) புதுக்கோட்டை நகருக்கு வடக்கே, சற்று மேற்கே தள்ளி இருக்கிறது. குச்சி பெரும்பாலும் பெட்டியின் நீளவாக்கில்தான் இருக்கும் என்பதால், பெட்டியைக் கிழக்கு மேற்காக வைத்து மெல்லத் திருப்புங்கள். எல்.இ.டி. பல்பு, சார்ஜர் பக்கத்தில் வேண்டாம்.

பகலில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு மீடியம் வேவ் அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைய, மேலடுக்கு அலைகளைத் திருப்பி அனுப்பும். தொலைதூர நிலையங்கள் இரவில் கேட்பது அதனால்தான். ஷார்ட் வேவில் பகலுக்கு 16, 19 மீட்டர், இரவுக்கு 41, 49 மீட்டர் முயலுங்கள். ஏரியலில் சில மீட்டர் ஒயரைக் கோத்தால் இன்னும் நன்றாக எடுக்கும். இடி மின்னலின்போது மட்டும் கழற்றிவிடுங்கள்.

கடைக்காரர் பேண்டுகளின் எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வார். பல செட்டுகளில் ஒரே ஷார்ட் வேவைத்தான் துண்டு போட்டிருப்பார்கள்.

நாள்பட எடுத்துவைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.