புது மெஷின் இழுத்தால் லினக்ஸா குற்றவாளி?

நம்பிக்கை: “லினக்ஸ் பழைய கம்ப்யூட்டருக்குத்தான் சரி, புது ஹார்டுவேரில் இழுக்கும்.”

உண்மை: இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. புதிதாக அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் கொஞ்சம் திணறினால் போதும், ‘விண்டோஸ் போட்டுக்குங்க’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். உலகின் அதிவேக 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸ் அல்லாத மெஷினே இல்லை. அவையெல்லாம் பழைய டப்பாக்களா? காரணத்தைத் தேடாமல் பழி போடாதீர்கள்.

இப்படி ஒரு மெஷினைப் பாருங்கள்: விண்டோவை இழுத்தால் விட்டு விட்டு நகர்கிறது. வீடியோ போட்டதும் பிராசஸரின் எல்லா கோர்களும் ஏறி, ஃபேன் இரைகிறது. கிராஃபிக்ஸ் கார்டோ சும்மா கிடக்கிறது. டெர்மினலில் ‘ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ’ ஓட்டுங்கள். ரெண்டரர் வரியில் கார்டின் பெயருக்குப் பதில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தால், படம் வரையும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள். இன்ஸ்டால் செய்யும்போது திரை கறுத்துப்போனதால் ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது கெர்னலுக்கு ‘நோமோட்செட்’ என்ற ஆப்ஷனைக் கொடுக்கும். பல நேரம் அது பூட் லோடரான கிரப்பின் அமைப்பிலேயே தங்கி, கார்டின் டிரைவரை ஏறவிடாமல் தடுக்கும். கெர்னல், கிராஃபிக்ஸ் லைப்ரரியான மெசா, ஃபர்ம்வேர் மூன்றையும் அப்டேட் செய்துவிட்டு அந்த ஆப்ஷனை நீக்குங்கள். ஒரு ரீஸ்டார்ட்டில் மெஷின் மாறிவிடும்.

செகண்ட் ஹேண்ட் என்விடியா ஜிடிஎக்ஸ் 1060 மாட்டியவர்களுக்கு வேறு சிக்கல். திறந்த மூல ‘நோவோ’ டிரைவரால் அந்தக் கார்டின் வேகத்தை உயர்த்த முடியாது. அதற்கான, என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேரை அந்த நிறுவனம் வெளியிடவில்லை.

நம்பிக்கை: “லினக்ஸ் ரேமையெல்லாம் தின்றுவிடுகிறது.”

உண்மை: காலியாகக் கிடக்கும் ரேமில் ஃபைல்களைக் கேஷ் செய்கிறது, புரோகிராம் கேட்டால் விட்டுக்கொடுக்கும். ‘ஃப்ரீ’ கட்டளையில் ‘அவைலபிள்’ எண்ணை மட்டும் பாருங்கள்.

நம்பிக்கை: “6000 ரேம் வாங்கினால் 6000 வேகத்தில் ஓடும்.”

உண்மை: பயாஸில் ரேமின் வேக அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்யாதவரை டிடிஆர்5 பெரும்பாலும் 4800-லேயே நிற்கும். இரண்டு ஸ்டிக்குகளையும் மதர்போர்டு மேனுவல் சொல்லும் ஸ்லாட்டுகளில் போடுங்கள்.

நம்பிக்கை: “புது பிராசஸர் சூடாகாது.”

உண்மை: கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டினால் எந்தப் பிராசஸரும் கொதிக்கும், கொதித்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ‘சென்சார்ஸ்’ கட்டளை வெப்பத்தைக் காட்டும்.

கடைசியாக, வாங்கப்போகிறவர்களுக்கு: விலை கேட்கும் முன்பே, கார்டின் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஎம்டியின் ‘ஏஎம்டிஜிபியு’ 2015 முதல் அப்படித்தான் வருகிறது. இன்டெலின் டிரைவரும் கெர்னலிலேயே இருக்கிறது. என்விடியாவோ 2022-ல்தான் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்தது. அதுவும் டூரிங் தலைமுறையிலிருந்து வந்த கார்டுகளுக்கு மட்டும். டிரைவரைப் பூட்டி வைக்கும் நிறுவனத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு லினக்ஸைத் திட்டுவதில் நியாயமில்லை. திறந்த டிரைவர் உள்ள கார்டை மட்டும் வாங்குங்கள். வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் திறப்பார்.