மனிதவளப் படிப்பும் அது தரும் வேலையும்

“அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள்?” என்று எங்கள் வகுப்பில் யாராவது கேட்டால், பாதிப் பேர் மருத்துவம் என்போம். மீதிப் பேரில் ஆசிரியைகளும் செவிலியரும் கணிப்பொறிப் பொறியாளர்களும் இருப்பார்கள். மனிதவள மேலாண்மை என்று சொல்ல இதுவரை ஒருத்தியும் எழுந்ததில்லை. எங்கள் பள்ளிக்கு வந்திருந்த பழைய மாணவி ஒருவர், தாம் ஒரு காலணித் தொழிற்சாலையில் மனிதவள அலுவலராக இருப்பதாகக் கூறினார். “அக்கா, அது ஆள் எடுக்கும் வேலைதானே?” என்று கேட்டுவிட்டோம். “ஆள் எடுப்பது ஒரு நாள் வேலை. எடுத்த ஆளுக்கு அதன்பின் வருகிற நாளெல்லாம் மீதி வேலை” என்றார் அவர். அன்று பிறந்த ஆர்வத்தில் நூலகத்தில் தேடியும் பெரியவர்களைக் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

இந்தத் துறை எப்படி வந்தது என்று பார்த்தால் கதை நம் சென்னைக்கே வருகிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் பெரம்பூர்ப் பக்கத்துப் பஞ்சாலைகளில் வேலை செய்தவர்களுக்குப் பல குறைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, நண்பகலில் சோறு உண்ண விட்ட நேரம் போதவில்லை என்பது. அதைக் காது கொடுத்துக் கேட்க ஆலைக்குள் ஓர் ஆள் இல்லை. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, திரு. வி. க. அவர்களும் அதில் பணியாற்றினார். (எங்கள் மதிய இடைவேளை போதவில்லை என்று நாங்களும் முணுமுணுப்பதுண்டு. ஆனால் நாங்கள் தறியருகே நின்றுவிட்டு ஓடிவருவதில்லை.)

அந்நாளில் ஆலைக்கு ஆள் சேர்த்தவர்கள் மேஸ்திரிகளே. அவர்கள் கையில் ஏதாவது வைத்தால்தான் வேலை என்பது பல ஊர்களில் வழக்கமாயிருந்தது. 1929இல் அமைக்கப்பட்ட அரச தொழிலாளர் ஆணையம் 1931இல் தந்த அறிக்கையில், ஆள் சேர்க்கும் பொறுப்பை மேஸ்திரிகளிடமிருந்து எடுத்துத் தனி அலுவலரிடம் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னர் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் நல அலுவலர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என விதித்தது. இன்று மனிதவள அலுவலர் என்று அழைக்கப்படுபவருக்கு இந்த நல அலுவலரே முன்னோடி.

படிப்புக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுத்தவரும் இதற்கு வரலாம். முதலில் ஒரு பட்டம். வணிகவியல், பொருளியல், உளவியல் என எதுவானாலும் சரி. அதன்பின் இரண்டாண்டு முதுகலை. எம்.பி.ஏ.வில் மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். சமூகப்பணி முதுகலை வழியாகவும் வரலாம். மும்பையில் 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனமும், ஜாம்ஷெட்பூரில் இயேசு சபைத் துறவியர் 1949இல் தொடங்கிய சேவியர் நிறுவனமும் இதற்குப் பெயர்பெற்றவை. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் 1952இல் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளியிலும் இந்தப் படிப்பு உண்டு. ஒரு பெண்மணி தொடங்கியது என்பதால் அதைப் பற்றி எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை.

பாடங்களில் உளவியல், ஊதிய நிர்வாகம், பயிற்சி முறைகள், புள்ளியியல், தொழிலாளர் சட்டம் எல்லாம் வரும். “எனக்கு மனிதர்களோடு பேசப் பிடிக்கும், அதனால் இதைப் படிக்கிறேன்” என்று வருபவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப் போவார்களாம், கணக்கும் சட்டமும் அத்தனை இருக்கும் என்றார் அக்கா. முன்பிருந்த 29 தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக்கப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆகவே அவரும் பழைய புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு மறுபடி படித்துக்கொண்டிருக்கிறாராம்.

கணக்கும் சட்டமும் எதற்கு என்பது எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக் கதையால்தான் எங்களுக்கு விளங்கிற்று. அவள் சம்மதத்தோடு எழுதுகிறோம். அவளுடைய அம்மா ஓர் ஆடை நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் தைத்தவர். உடல் நலமில்லாமல் வேலையை விட்டபின், மூத்த மகளின் செவிலியர் படிப்புக்குக் கட்டணம் கட்ட வருங்கால வைப்பு நிதிக்கு மனுச் செய்தார். இந்த நிதிக்குப் பணியாளர் சம்பளத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் அதே அளவு போடுகிறது, அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகிறது. ஆக அது அம்மாவின் சொந்தப் பணம். ஆனால் மனு திரும்பி வந்துவிட்டது. நிறுவனப் பதிவில் அவர் பெயருக்கு முன் தந்தையின் தலையெழுத்து. ஆதாரில் கணவரின் தலையெழுத்து. பிறந்த தேதியிலும் ஓர் ஆண்டு வித்தியாசம். திருத்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். அலுவலகத்தில் இருந்தவர் ஐந்து மாதம் “அடுத்த வாரம் வாருங்கள்” என்றே சொன்னார். ஒருமுறை போய்வந்தால் பேருந்துக்கே அறுபது ரூபாய். கட்டணத் தேதி நெருங்க, வளையலை அடகு வைத்தார்கள்.

பிறகு அந்த இருக்கைக்குப் புதிதாக ஒரு பெண் அலுவலர் வந்தார். அம்மாவை உட்காரவைத்து, ஒன்பது ஆண்டுக்கு முந்திய சேர்க்கைப் படிவத்தைக் கட்டிலிருந்து தேடி எடுத்தார். அம்மா சரியாகத்தான் தேதி சொல்லியிருக்கிறார். கணிப்பொறியில் ஏற்றியவர் தவறாக ஏற்றியிருக்கிறார். திருத்த மனுவில் அன்றே கையெழுத்தாயிற்று, பணமும் பின்னர் வந்தது. அடகு வட்டி வந்தது வராமல் போனதுதான்.

இதைக் கேட்டபின் அக்காவிடம் நாங்கள் கேட்ட கேள்வி இதுதான்: “உங்களுக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். தொழிலாளர் குறையோடு வந்தால் நீங்கள் யார் பக்கம்?” அவர் உடனே பதில் சொல்லவில்லை. நிர்வாகம் தவறாக ஒன்றைச் செய்யச் சொல்லும்போது சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டி மறுத்த நாளும் உண்டு, வாய் மூடி வந்துவிட்டு இரவெல்லாம் தூங்காத நாளும் உண்டு என்றார். பேச்சுப் போட்டிக்கு வந்த விருந்தினர் எவரும் எங்களிடம் இப்படிப் பேசியதில்லை.

பெண்களுக்கு இத்துறையில் தனித் தேவை உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில், பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும். அதற்கு மூத்த பெண் பணியாளர் ஒருவரே தலைமை ஏற்கவேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். மகப்பேறு விடுப்பு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று 2017இல் உயர்த்தப்பட்டது. ஏட்டில் உள்ள இவை கைக்கு வருவது அந்த இருக்கையில் இருப்பவரைப் பொறுத்தது.

வேலை வாய்ப்புகள் பல. திருப்பூர், ஆம்பூர், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள், சென்னையின் கணிப்பொறி நிறுவனங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் எங்கும் இவர்கள் உண்டு. அரசுப் பணி விரும்புவோர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்துக்காக மையத் தேர்வாணையம் நடத்தும் தேர்வை எழுதலாம்.

இனி எல்லாம் கணிப்பொறியே பார்த்துக்கொள்ளும் என்கிறார் எங்களில் ஒருத்தியின் அண்ணன். அவருக்கு நாங்கள் சொன்னது அமேசான் கதை. விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க அந்நிறுவனம் ஒரு கணிப்பொறி முறையை உருவாக்கிப் பார்த்தது. அதற்குக் கற்பிக்கத் தந்த பழைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே அது பெண்கள் கல்லூரியில் படித்தவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்ததாம். அந்த முயற்சி கைவிடப்பட்டது என்ற செய்தி 2018இல் வெளிவந்தது. பெண்கள் பள்ளியில் படிக்கும் நாங்கள் இதை எப்படி மறப்போம்?

சென்ற வாரம் அரசுப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லி சிஸ்டர் எங்களிடம் தந்தார். வழக்கமாக எங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டுவிடுவோம். இம்முறை தலையெழுத்து, பிறந்த தேதி, தந்தை பெயர் எல்லாவற்றையும் ஆதார் நகலோடு வைத்து வரி வரியாகப் படித்தோம். மூன்று பேருக்குத் தவறு இருந்தது. சிஸ்டர் சிவப்பு மையால் திருத்தி அலுவலகத்துக்கு அனுப்பினார்.